குறூப்பில் என் கால்

அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். கட்டிலில், வெள்ளை உடுப்போடு, வலது காலைத் தலையணை மேல் வைத்தபடி.

என் மகள். கால்மாட்டில், கையில் மருந்துப் போத்தலும் துணியும்.

மருமகன், மகளுடைய மாப்பிள்ளை. கதவு நிலையில் சாய்ந்து, போனைப் பார்த்துக்கொண்டு.

மச்சி, மௌத்தாகிப் போன என் மாப்பிள்ளையின் ராத்தா, அவருக்கு மூத்தவ. பிளாஸ்டிக் கதிரையில், கையில் தஸ்பீஹ் மணி.

மச்சான், என் மாப்பிள்ளையின் தம்பி. இவர் அறைக்குள் இல்லை. கதவுத் திரைக்கு அந்தப் பக்கம், ஹோலில். மாப்பிள்ளை மௌத்தான பொம்பிளை வெளியாருக்கு மறைந்து இருக்கிற இத்தாவில் நான் இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும் முடியுமட்டும் அவர் என்னைப் பார்க்கக் கூடாது. அவருடைய இருமல் மட்டும் உள்ளே வரும்.

டொக்டர். அவர் போனுக்குள்.

ஆறு பேர். பின்னேரம், அசர் தொழுது முடிந்த நேரம். பேச்செல்லாம் என் காலைப் பற்றி. என்னைத் தவிர எல்லாரும் கதைத்தார்கள்.

டொக்டர் எழுதி அனுப்பியதை மருமகன் இரண்டு தரம் வாசித்தார். முன்பாதம் கறுத்துவிட்டது. ஐந்து விரலும் செத்துப்போன மாதிரித் தெரிகிறது. இன்றைக்கே கொண்டு வாருங்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். குடும்பத்தில் கதைத்து வையுங்கள்.

வாசித்து முடித்து அவர் என்னைப் பார்க்கவில்லை. மச்சியைப் பார்த்தார்.

எனக்குச் சீனி வருத்தம் பதினைந்து வருடமாக இருக்கிறது. அதற்குமுன் கால் இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் கீறி உப்புப் போட்டுக் கருவாடு காயவைத்த ஆள் நான். வெயில் மணலில் வெறுங்காலோடு நடந்துதான் மகளை வளர்த்தேன். மாப்பிள்ளை கடலுக்குப் போவார், நான் கரையில் நிற்பேன். கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு இதே காலால்தான் மகளைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதி மட்டும் ஓடினேன். இந்தக் காலுக்கு மேல் எனக்கு வேறு முதல் கிடையாது.

மாப்பிள்ளை மௌத்தான பத்தாம் நாள் சின்ன விரலைக் கட்டிலில் இடித்துக்கொண்டேன். நோகவில்லை. நோகாமல் செய்வதுதான் சீனியின் வேலை. மூன்றாம் நாள் சொக்ஸில் ஈரத்தைக் கண்டுதான் காயமென்று தெரிந்தது.

கிளினிக்குக்குப் போயிருக்கலாம். மருந்துக்காக இத்தாவில் வெளியே போகலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான்தான் போகவில்லை. வெள்ளை உடுப்போடு வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை. அதற்குத்தான் இந்த வட்ஸ்அப் குறூப் இருந்தது. கொரோனாவில் ரோட்டை மூடிய காலத்தில், சீனிக்காரர்களின் காயத்தைப் பார்க்க டொக்டர் தொடங்கியது அது. ரோட்டைத் திறந்த பிறகும் அவர் அதை மூடவில்லை. பிள்ளைகள் படம் எடுத்துப் போடுவார்கள். மாலையில் அவர் பார்த்து, இந்த மருந்து, இந்தக் கட்டு, இவர் வரட்டும், இவர் வரத் தேவையில்லை என்று எழுதுவார். எங்கள் வீட்டில் அந்தக் குறூப்பில் இருந்தது மருமகன். நான் இல்லை. என் கால் மட்டும் இருந்தது.

எங்கள் வளவுக்குப் பக்கத்தில் பென்சன் எடுத்த நேர்ஸ் மிஸ் ஒருவர் இருக்கிறார். ஒன்றைவிட்ட ஒரு நாள் வந்து மருந்து கட்டுவார், படம் எடுப்பார். காயம் ஆறிக்கொண்டு வந்தது. பிறகு மிஸ் மக்காவுக்கு, உம்றாவுக்குப் போனார். இரண்டு கிழமை.

அந்த இரண்டு கிழமையில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

உள்ளங்கால் எரியும். சீனிக்காரருக்குத் தெரியும் அந்த எரிவு. அடுப்பில் வைத்த தகட்டில் நிற்பதுபோல இருக்கும். காயத்தில் நோவு இல்லை, காயமில்லாத இடத்தில் எரிவு. அதன் நியாயம் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஈரத் துணி வைத்தேன். தயிர் பூசினேன். அடங்கவில்லை. குசினிக்குப் பின்னால் மருதோண்டி மரம் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் எரிவுக்கு எல்லாரும் அரைத்துப் பூசுகிற இலைதான். ஆனால் கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் பூசுவதும் அதே இலைதான். இத்தாவில் இருக்கிறவளுக்குப் பூ, அத்தர், சுர்மா, மருதோண்டி ஒன்றும் ஆகாது.

மகள் நேர்சரியில் படிப்பிக்கிறாள். அவள் போன பிறகு இலையைப் பறித்தேன். தேயிலைச் சாயம் விட்டு அரைத்தேன். கையில் பிடிக்காமல் சொப்பிங் பேக்கைக் கைக்குப் போட்டுக்கொண்டு உள்ளங்காலிலும் விரல்களிலும் பூசினேன். மிஞ்சியதைப் பால்மாப் பேணியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். குளிர்ந்தது. கடலில் கால் வைத்தது மாதிரி.

மூன்று தரம் பூசினேன். முதல் தரம் சிவந்தது. மூன்றாம் தரத்தோடு நகமும் தோலும் கறுத்துப் போனது. சொக்ஸைப் போட்டு மூடினேன். மருந்தை நானே கட்டிக்கொள்கிறேன் என்று மகளுக்குச் சொன்னேன். அவளுக்கும் நேரமில்லை. சரி என்றாள்.

இரண்டு கிழமை படம் போகவில்லை. டொக்டர் குறூப்பில் கேட்டார், அந்த அம்மாவுடைய கால் எங்கே என்று. மகளுக்கு வெட்கமாகிப் போனது. நேர்சரியால் வந்ததும் வராததுமாகச் சொக்ஸை இழுத்துக் கழற்றினாள்.

சின்ன விரல் உண்மையாகவே கெட்டுப் போயிருந்தது. மணத்தது. மற்றது நாலும் கறுப்பு. ஜன்னலில் திரை. வெளிச்சம் இல்லை. போனின் லைட்டைப் போட்டு அடித்தாள் ஒரு படத்தை, குறூப்புக்கு. எனக்கு வாய் வரை வந்தது. அந்த நேரம் மச்சி வாசலில் சலாம் சொல்லிக்கொண்டு வந்தா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாய் மூடல்தான் என் பிழை. அதை நான் யார் தலையிலும் போடவில்லை.

"கால் பெரிசா உசிர் பெரிசா" என்றார் மச்சான், திரைக்கு வெளியே இருந்து. "எடுக்கச் சொன்னா எடுக்கத்தான் வேணும்."

"அல்லாஹ்ட நாட்டம்" என்றா மச்சி.

"வேனுக்குச் சொல்லட்டா?" இது மருமகன்.

"சொல்லுங்க. கையெழுத்து ஆரு வைக்கிற?" என்று மச்சி கேட்டா.

"நான் வைக்கிறன்" என்றார் மருமகன்.

"நீங்க வைக்க ஏலுமோ தெரியா. காக்காட இடத்துல நான் வந்து வைக்கிறன்" என்றார் மச்சான். காக்கா என்றது அவருக்கு மூத்தவரை, என் மாப்பிள்ளையை.

என் காலுக்கு எல்லாரிடமும் கையெழுத்து இருந்தது.

மச்சி தஸ்பீஹை உருட்டிக்கொண்டே சொன்னா: "எடுத்த கால ஆசுபத்திரியில உட்டுட்டு வராதீங்க. சீலையில சுத்திக் கொண்டு வந்து மையவாடியில அடக்கணும். குழி வெட்டுற ஆளுக்கு இப்பவே சொல்லி வைங்க. மறுகா அந்த மனிசனப் புடிக்க ஏலா."

"காலுக்கு எவ்வளவு நீளத்துக்கு வெட்டச் சொல்ற?" என்று மச்சான் கேட்டார். பகிடி இல்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

மகள் அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல். நான் என் காலைப் பார்த்தேன். அது தலையணையில் இருந்தது. அதற்குக் குழியும் சொல்லியாகிறது.

அந்தக் கறுப்பு என்னவென்று தெரிந்தது எனக்கு மட்டும். சொன்னால் என்ன வருமென்றும் தெரியும். மாப்பிள்ளையின் ராத்தா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். கபுறு மண் காயமுதல் மருதோண்டி போட்டவள் என்ற பெயர் நான் மௌத்தாகும் வரைக்கும் போகாது. சொல்லாவிட்டால் கால் போகும்.

"அது மருதோண்டி" என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. மகள் மட்டும் நிமிர்ந்தாள்.

"என்னும்மா?"

"விரல்ல இரிக்கிற கறுப்பு. மருதோண்டி. நான்தான் போட்டன்."

மச்சியின் தஸ்பீஹ் நின்றது.

"என்னகா சொல்ற?"

"எரிவுக்குப் போட்டன்."

"இத்தாக்குள்ளயா?"

"ஓம்."

"அவன் மௌத்தாகி எத்தின நாள்?"

"அம்பத்தொம்பது."

"நாளக் கணக்கா வெச்சிரிக்கா" என்றா மச்சி, மகளைப் பார்த்து. "நாளும் தெரியுது, மருதோண்டியும் தெரியுது."

வெளியே இருமல் கேட்டது. "என்னவாம்?"

"மருதோண்டியாம்" என்றார் மருமகன்.

"ஆருக்குக் கலியாணம்?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன்.

மச்சி எழுந்து கிட்ட வந்து காலைப் பார்த்தா. மூக்கைப் பொத்திக்கொண்டா. "பொய். காலுக்குப் பயந்து சொல்றா. இந்த மணம் மருதோண்டி மணமா? நம்பாதீங்க. வேனக் கூப்பிடுங்க."

மருமகனும் தலையாட்டினார். "மாமி, பயப்படாதீங்க. இப்ப எல்லாருக்கும் பொய்க்கால் போடுறாங்க."

"கட்டிலுக்குக் கீழ கையப் போடு புள்ள" என்றேன் மகளிடம். "பேணி இரிக்கி."

அவள் எடுத்தாள். மூடியைத் திறந்தாள். அடியில் மருதோண்டி காய்ந்து போய்க் கிடந்தது. அவள் மணந்து பார்த்தாள். மச்சியிடம் நீட்டினாள். மச்சி வாங்கவில்லை. கதிரையில் போய் இருந்துவிட்டா.

"மருமகன்" என்றேன். "டொக்டருக்குச் சொல்லுங்க."

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாமி, தனியாப் போட்டா அவர் பாக்கமாட்டார். கன பேர் போடுவாங்க எண்டு தனி மெசேஜ் பாக்கிறல்ல. குறூப்புலதான் போடணும்."

"போடுங்க."

"ஊராக்கள் இரிக்காங்க மாமி. நம்மட றோட்டாக்களே பத்துப் பேர் இரிப்பாங்க."

"எத்தின பேர் எல்லாமா?"

"அறுவத்திமூணு."

"நல்லம். என்ட கால வெட்டப் போறத்த அறுவத்திமூணு பேரும் வாசிச்சாங்கதானே. இதயும் கேக்கட்டும். இஞ்ச தாங்க."

"புள்ள, குடுக்காத" என்றார் மச்சான் வெளியே இருந்து. யாரைச் சொன்னாரென்று தெரியவில்லை. "காக்காட பேர் இரிக்கி."

"காக்காக்குப் பேர் இரிக்கி மச்சான். எனக்குக் கால் இரிக்கணும்" என்றேன். இத்தா தொடங்கிய பிறகு அவரோடு நான் நேராகக் கதைத்தது அதுதான் முதல் தரம்.

எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். மருமகன் போனைப் பிடித்தார், மைக்கை அமத்தினார். நான் கதைத்தேன்.

"டொக்டர், நான்தான் அந்தக் கால் காயத்துக்காரி. நீங்க கறுப்பு எண்டு பாத்தது மருதோண்டி. எரிவுக்கு மூணு தரம் போட்டன். இத்தாவுல இரிந்துகொண்டுதான் போட்டன். சின்ன விரல் மட்டும் மெய்யாக் கெட்டுத்தான் இரிக்கி. மத்தது நாலும் இல்ல. படத்தப் பாத்துச் சொல்லாதீங்க, தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. வேற ஆரும் கையெழுத்து வெச்சா எடுக்காதீங்க. நான் வெச்சாத்தான்."

போய்விட்டது. மருமகன் போனையே பார்த்தார். முதலில் யாரோ அழுகிற முகப் படம் ஒன்று போட்டார்களாம். பிறகு யாரோ ஒரு பொம்பிளை, அல்லாஹ் என்று மட்டும் எழுதினாளாம்.

பிறகு டொக்டர். எழுதவில்லை, குரலில் வந்தார். சின்ன வயதுக் குரல்.

"மகள் பக்கத்தில இருந்தா, கையின்ட பின்பக்கத்தால ஒவ்வொரு விரலாத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்க. சூடா, குளிரா."

மகள் துணியைக் கீழே வைத்தாள். பெருவிரலில் தொடங்கினாள்.

"சூடு."

"சூடு."

"சூடு."

"சூடு."

கடைசி விரலில் கை நின்றது.

"குளிர்."

அதையும் மருமகன் குரலிலேயே அனுப்பினார். டொக்டர் சொன்னார்: "சரி. கொண்டு வாங்க. கையால பாத்துத்தான் முடிவு. ஆளையும் கதைக்கத் தயாராக் கொண்டு வாங்க."

ஆஸ்பத்திரியில் அவரைக் கண்டேன். மருமகனை விட வயது குறைவாக இருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். நிறம் போகவில்லை. அமத்தினார், ஊசி முனையால் தொட்டார், ஒரு சின்ன மெஷினை வைத்து இரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். எனக்கும் கேட்டது. கரையில் அலை அடிப்பது மாதிரி.

"படத்தில எனக்கு ரெண்டும் ஒரே நிறம்தான் அம்மா" என்றார். "இத்தாவில இருக்கிறீங்க எண்டு சொன்னாங்க. நான் இந்தப் பக்கத்தில வேலை செய்து அஞ்சு வருசம். இத்தாவில மருதோண்டி போடமாட்டாங்க எண்டு எனக்கும் தெரியும். அதால கேக்கவே இல்ல."

"கேட்டிரிக்கணும்" என்றேன்.

"ஓம். கேட்டிருக்கணும்." பிறகு அவரும் விடவில்லை. "நீங்களும் மறைச்சிருக்கக் கூடாது. மருதோண்டி போட்டதால சுத்தி இருந்த சிவப்பு ஒருத்தருக்கும் தெரியல்ல. சிவப்புத் தெரிஞ்சிருந்தா இந்த விரலையும் காப்பாத்தி இருக்கலாம்."

அது சரி.

கடதாசி வந்தது. மருமகன் பேனையை எடுத்தார். நான் கையை நீட்டினேன். என் கையெழுத்து கோணல். மெதுவாக வைத்தேன்.

ஒரு விரலை எடுத்தார்கள். மருமகன் அதைச் சீலையில் சுற்றி, பிஸ்கட் பெட்டி ஒன்றில் வைத்து மையவாடிக்குக் கொண்டு போனார். குழி வெட்டுகிற ஆள் பெட்டியைப் பார்த்து, காலென்று சொன்னீங்களே என்றாராம்.

குறூப்பில் போட்ட கதை குறூப்பில் நிற்கவில்லை. யாரோ எடுத்து வேறு குறூப்பில் போட்டார்கள். அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குள் சாய்ந்தமருது வரை என் குரல் போய்விட்டது. சம்மாந்துறையில் கலியாணம் முடித்த என் சாச்சியின் மகள் போன் எடுத்தாள்.

"ராத்தா, உங்கட வொயிஸ் எங்கட மில்லுல ஓடுது. இத்தாவுல இரிந்துகொண்டுதான் போட்டன் எண்டு சொல்ற இடத்தத் திருப்பித் திருப்பிப் போடுறாங்க."

"சத்தம் தெளிவா இரிக்கா?" என்று கேட்டேன்.

"இரிக்கி."

"அப்ப சரி."

மருமகன் அதை அழித்துவிடட்டுமா என்று கேட்டார். தன்னால் முடிந்த மட்டும் அழிக்கலாம் என்றார். வேண்டாமென்றேன். பொய் சொல்லியிருந்தால் அழிக்கலாம்.

மச்சி வரவில்லை. மச்சானும் வரவில்லை. மருதோண்டி போட்டது குற்றமா இல்லையா என்று ஊரில் இரண்டு பக்கமாகக் கதைத்தார்கள். நான் யாரிடமும் தீர்ப்புக் கேட்கவில்லை. என் மாப்பிள்ளையோடு முப்பத்தொரு வருடம் வாழ்ந்தவள் நான். அவர் மேல் நான் எவ்வளவு பிரியம் வைத்திருந்தேன் என்பதை என் காலில் பார்க்கத் தேவையில்லை. மிச்ச இத்தாவையும் ஒரு நாள் குறையாமல் இருந்தேன். ஆனால் சொக்ஸ் போடவில்லை. பார்க்க வருகிற பொம்பிளைகள் முகத்தைப் பார்த்துக் கதைப்பார்கள், கண் மட்டும் கீழே போகும். நான் காலை நீட்டி வைப்பேன்.

"பாருங்க. நல்லாப் பாருங்க."

ஒருத்தி, எங்கள் றோட்டுக்காரிதான், எல்லாரும் போகும் வரை இருந்தாள். பிறகு கிட்ட வந்தாள்.

"ராத்தா, மெய்யாவே எரிவு குறையுதா?"

"ஒள்ளம் குறையும், முழுசா இல்ல."

"எனக்கும் எரியிது."

"போட்டா டொக்டருக்குச் சொல்லு. காயமிரிந்தா போடாத. மறைக்காத."

"என்ட மாப்பிள்ள வீட்ட இல்லாத நேரம் போடவா?"

"அவருக்கு எரியிதா, உனக்கு எரியிதா?"

அவள் சிரித்தாள். போய்விட்டாள்.

இத்தா முடிந்த அன்று குளித்து, வெள்ளையை மாற்றி, முதல் வேலையாக மகளிடம் பழைய போனைக் கேட்டேன். கண்ணாடி வெடித்தது, ஆனால் வேலை செய்யும்.

"என்னையும் குறூப்புல போடு."

"அவர் இரிக்காரேம்மா."

"அவர்ட காலா?"

போட்டாள். அறுபத்துநாலாவது ஆள் நான்.

இப்போது அந்தக் குறூப்பில் படம் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். காலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கடதாசி வைக்க வேண்டும். மருதோண்டி, மருந்துச் சாயம், நகப் பூச்சு ஏதும் போட்டதா என்று எழுத வேண்டும். அதை எழுதினால்தான் டொக்டர் பதில் எழுதுவார். புதிதாக வருகிறவர்கள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று கேட்டால், யாராவது ஒருவர் அது ராத்தாவுடைய சட்டமென்று எழுதுவார். யார் ராத்தாவென்று யாரும் எழுதுவதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

மச்சி ஏழு மாதத்துக்குப் பிறகு வந்தா. கையில் கருப்பட்டி போட்ட வட்டிலப்பம். கதிரையில் இருந்து, கொஞ்ச நேரம் காலைப் பார்த்தா.

"உன்ட வாயிக்கு நான் பயம்" என்றா.

"கால் இரிக்கி, அதால வாயும் இரிக்கி" என்றேன். சாப்பிட்டோம். எனக்குச் சின்னத் துண்டு.

நான் கரைக்குப் போகிறேன். தடித்த அடியுள்ள சப்பாத்துப் போடுகிறேன், மணலில் வெறுங்கால் வைப்பதில்லை. நடை கொஞ்சம் சரியும். கருவாடு புரட்ட அது போதும்.

மாதத்தில் முதல் நாள் எல்லாரும் காலைக் கழுவி, படம் எடுத்து, விரலை எண்ணிப் போட வேண்டும். சீனிக்காரனுக்கு விரல் போவதும் தெரியாது என்பதால் டொக்டர் வைத்த முறை அது. கண்ணால் எண்ணக் கூடாது, தொட்டு எண்ண வேண்டும். மற்றவர்களுக்குப் பிள்ளைகள் எண்ணுவார்கள். மகள் எனக்கும் எண்ண வருவாள். நான் விடுவதில்லை. இந்த மாதமும் கிணற்றடியில் கல்லில் இருந்து, கடதாசியை வைத்து, இடது காலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டேன். எல்லாம் சூடு. போனை எடுத்து நானே எழுதி அனுப்பினேன்.

ஒன்பது.